கடல்கட்டியும் காற்றுக்குடுவையும்

கொல்லிமலையின் அடிவாரத்திலே, காரவள்ளிக்குச் செல்லும் வழியிலே இருக்கிறது காளப்பநாயக்கன்பட்டி. சுற்றிலும் நிலம், நிமிர்ந்து பார்த்தால் வல்வில் ஓரி ஆண்ட மலை. அலையோசை அந்த ஊரின் காதில் விழுவதில்லை. அவ்வூர் வாலிபனை அழைத்து, "தம்பி! நீருக்கடியில் மூழ்கும் கலை எவ்வாறு வளர்ந்தது, அதற்குரிய கருவிகளும் பழக்கங்களும் எவ்வாறு மாறின என்பதை அறிவாயா?" என்று கேட்டால், "மலையடிவாரத்தானுக்குக் கடலின் கதை எதற்கு?" என்று அவன் திருப்பிக் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேள்வி கேட்பதுதானே பகுத்தறிவின் முதற்படி! அவனுக்குரிய விடை தொலைவில் இல்லை. அவன் தோட்டத்துக் கிணற்றிலேயே இருக்கிறது.

கிணற்றைப் பற்றி நம் ஊர்களில் வழங்கும் பேச்சு யாது? "அந்தக் கிணறு காவு கேட்கும் கிணறு" என்பார் ஒருவர். "உச்சி வேளையில் இறங்காதே, முனி அடித்துவிடும்" என்பார் மற்றொருவர். தூர் வார இறங்கியவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் விழுவான். இருவரையும் மீட்கப் பாயும் மூன்றாமவனும் மேலே வரமாட்டான். ஊர் கூடி அழும். பிறகு ஆடு வெட்டிப் பூசை போடும். ஆனால், இறங்குமுன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்க்கும் பெரியவரும் அதே ஊர்களில் இருந்திருக்கிறார். சுடர் அணைந்தால் அங்கே மனிதன் மூச்சுவிட இயலாது என்பது அவர் கண்ட உண்மை. நச்சுக் காற்று அனைத்தையும் விளக்கு காட்டிவிடாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே தீங்காகவும் முடியும். ஆயினும், அவர் செய்தது சோதனை. மற்றவர் செய்தது பூசை. சோதனை பிழைபட்டால் திருத்தலாம். பூசை பொய்த்தால் என்ன செய்வது? இன்னும் ஓர் ஆட்டைத் தேடுவதைத் தவிர!

சோதனைக்கும் பூசைக்கும் இடையே நடந்த இந்தப் போராட்டந்தான், தோழர்களே, மனிதன் நீருக்கடியில் சென்ற வரலாறு முழுவதும் ஓடுகிறது. அதன் மிகப் பழைய அரங்குகளுள் ஒன்று நம் தமிழகத்துக் கடலேயாகும்.

கொற்கை என்றதும் நம் நெஞ்சு நிமிர்கிறது. முத்து விளைந்த துறை, பாண்டியன் பெருமை, கடல் கடந்து பொன் கொணர்ந்த வாணிகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். ஆனால், அந்த முத்தை எடுத்தவன் யார்? கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடற்செலவு' என்னும் கையேடு ஒரு செய்தி கூறுகிறது. கொற்கைக் கடலில் முத்துக் குளிக்கும் வேலை தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டதாம்! மன்னன் மார்பிலே முத்தாரம். அதை எடுத்தவன் காலிலே கல்! ஆம், காலிலே கல்தான். அக்கருவி அந்தக் கடலில் பன்னூறு ஆண்டு மாறாதிருந்தது.

கயிற்றில் கட்டிய கனத்த கல் ஒன்று. இடுப்பில் ஒரு வலைப்பை. உயிரைப் பிணைத்திருக்கும் கயிறு ஒன்று. இவையே முத்துக்குளிப்போனின் கருவிகள். கல்லின்மேல் காலை ஊன்றுவான்; ஒரு கையால் மூக்கை அழுத்திக்கொள்வான்; கல் அவனை அடிமட்டத்துக்கு இழுத்துச் செல்லும். கிடைத்த சிப்பிகளை வாரிப் பையிலே திணிப்பான். கயிற்றைச் சுண்டினால் தோணியில் நிற்பவன் மேலே இழுப்பான். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம். நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டி. இவ்வாறு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை! இதே கடலுக்கு வந்த அரபுக் குளியாட்கள் மூக்கைக் கவ்வும் கொம்புக் கவ்வி ஒன்றை அணிந்தனர். அதனால் அவர்களுக்கு இரு கைகளும் வேலைக்குக் கிடைத்தன. நம்மவனோ ஒரு கையை மூக்குக்கே கொடுத்துவிட்டு மறுகையால் வாரினான். பக்கத்துத் தோணியிலே கண்ட ஒரு சிறு கருவியைக்கூடக் கைக்கொள்ள விடாமல் தடுக்கிறதே பழக்கம், அதன் பிடி அத்தகையது!

ஆனால், கருவியைப் புதுப்பிக்காத அதே கூட்டம் வேறொன்றைத் தவறாமல் தோணியில் ஏற்றிக்கொண்டது. அதுதான் மந்திரம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்தான் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. முத்துக் குளிப்பை விரிவாக வரைந்த அவன் கணக்கையும் சேர்த்தே எழுதினான். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன்கள் குளியாட்களைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுகின்ற பிராமணர்களுக்கு! அதைவிடச் சுவையான செய்தி பின்னால் வருகிறது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவு வந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். மீன்கள் தம் விருப்பப்படி திரியுமாம். ஏன் இந்த ஏற்பாடு? இரவிலே எவனும் அஞ்சி இறங்கக்கூடாது. மறுநாள் காலையில் மீண்டும் மந்திரம் வேண்டும், மீண்டும் பங்கு வேண்டும். அச்சத்தை ஒரேயடியாகப் போக்கிவிட்டால் அச்சத்தைப் போக்கும் தொழில் என்னாவது? அன்றாடம் அவிழ்த்தால்தானே அன்றாடம் கட்டலாம்!

"பார்ப்பனியத்தின் சூழ்ச்சி இது" என்று சொல்லி நிறுத்திவிட்டால் நம் வேலை எளிது. ஆனால், வரலாறு அங்கே நிற்கவில்லை, நாமும் நிற்கக்கூடாது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கராயினர். போர்த்துகீசியர் ஆண்டனர், 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர், பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கொடி மாறியது, கோயில் மாறியது, மொழி மாறியது. மாறாதவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி, பரம்பரை உரிமையோடு, வெள்ளைக்கார அரசின் ஏற்போடு, முத்துச் சலாபத்தில் தன் வரும்படியைப் பெற்றுவந்தான்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னென்ட், 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் இந்தக் கடல்கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போது அந்தக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கராம். அதனால் மந்திரத்தின் மதிப்பு குறைந்ததாக எவரும் கருதவில்லையாம். டென்னென்ட் சலாபத்தைப் பார்க்கப் போன நாளில் கடல்கட்டிக்கு உடல்நலமில்லை. பதிலாள் ஒருவனை அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாள் சொன்னானாம்: மந்திரம் தனக்குத் தெரியாது, ஆயினும், தலைவரின் சார்பாளனாகத் தான் நிற்பதைக் கண்டாலே சுறாக்கள் மதித்து ஒதுங்கிவிடும்!

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துவிட்டுச் சிந்திப்போம். பிராமணர் ஓதினாலும் சரி, கத்தோலிக்கர் ஓதினாலும் சரி, எதுவுமே தெரியாத பதிலாள் கைகட்டி நின்றாலும் சரி, சுறாக்கள் ஒரே மாதிரி நடந்துகொண்டன. ஏன்? சுறாவால் அங்கே விபத்து நேர்வதே மிக மிக அரிது என்று அதே டென்னென்ட் குறித்திருக்கிறார். வராத இடருக்குக் காவல். அந்தக் காவலுக்குக் கூலி! மதம் மாறினால் மடமை மாறிவிடும் என்று எண்ணுவோருக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? அஞ்சுபவன் இருக்கும்வரை, அச்சத்தை விற்பவன் எந்த மதத்திலும் தோன்றுவான்.

அப்படியானால் குளியாளின் உயிரை வாட்டியது எது? கண்ணுக்குத் தெரிந்த சுறாவன்று. கண்ணுக்குத் தெரியாத அழுத்தம்.

கடல்மட்டத்திலே நம்மைச் சூழ்ந்திருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. மூச்சை அடக்கி இறங்குபவனின் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று 10 மீட்டரில் பாதியாகவும் 20 மீட்டரில் மூன்றில் ஒன்றாகவும் சுருங்குகிறது. செவிப்பறை வலிக்கிறது, கிழியவும் கிழிகிறது. குருதி மூக்கிலும் காதிலும் வழிகிறது. அழுத்தத்தில் கரையும் நைட்ரஜன், விரைந்து மேலே வரும்போது குருதியில் குமிழியாகிறது. ஓயாது மூழ்கி எழும் பசிபிக் தீவுகளின் முத்துக்குளியாட்கள் தலைசுற்றி, கைகால் முடங்கி, சில சமயம் மாண்டும் போயினர். அந்நோயைத் 'தரவானா' என்று அவர்களே பெயரிட்டு அழைத்தனர். இவற்றில் எதைக் கட்டினான் கடல்கட்டி? அழுத்தத்தின் வாயைக் கட்ட அவனிடம் மந்திரம் உண்டா?

மந்திரம் இல்லாத நாட்டிலே கணக்கு வளர்ந்தது. 1830களில், இலண்டனில் குடியேறிய செருமானியரான அகஸ்டஸ் சீபே மூடிய தலைக்கவச உடையைச் செய்தார். செம்புத் தலைக்கவசம், நீர் புகா உடை, ஈயக் காலணி, மேலிருந்து காற்றை அனுப்பும் பம்பு என எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ. மனிதன் முதன்முறையாக நெடுநேரம் கடலடியில் நடந்தான். நடந்தவனைப் புதிய நோய் தாக்கியது. நியூயார்க்கில் புருக்ளின் பாலத்துக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்றறைகளுக்குள் வேலை செய்த தொழிலாளர்களையும் அதே நோய் மடக்கிப்போட்டது. தலைமைப் பொறியாளர் வாசிங்டன் ரோப்ளிங்கே 1872இல் முடமானார். 1878இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் காரணத்தைக் கண்டு கூறினார்: குருதியில் எழும் நைட்ரஜன் குமிழி.

காரணம் தெரிந்தது; மருந்து? அதைக் கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அவர் துணையாகக் கொண்டவை ஆடுகள்! ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டு, எவ்வளவு அழுத்தத்திலிருந்து எவ்வளவு விரைவாக வெளியே கொணர்ந்தால் அவை நொண்டுகின்றன, எவ்வாறு கொணர்ந்தால் நலமாக நடக்கின்றன என்று குறித்தார். படிப்படியாக நின்று நின்று மேலேறும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார்.

நம் கிணற்றங்கரையிலும் ஆடு. அவர் ஆய்வுக்கூடத்திலும் ஆடு. இங்கே வெட்டுண்ட ஆடு அடுத்த மரணத்தைத் தடுக்கவில்லை. அங்கே நொண்டிய ஆடு, எத்தனை மீட்டரில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்ற எண்ணைத் தந்தது. அந்த எண் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, தட்சணை கேட்பதில்லை. இரவிலே அவிழ்ந்துபோவதும் இல்லை.

ஆனால், அறிவு பிறந்துவிட்டால் மட்டும் போதுமா? மேற்கு ஆத்திரேலியாவின் புரூம் நகரில் சப்பானியக் கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. முத்துச்சிப்பி எடுக்க வந்து மாண்ட தொழிலாளர் அங்கே நூற்றுக்கணக்கில் புதைந்து கிடக்கின்றனர். புயலில் போனவர் சிலர்; அழுத்த நோயில் போனவர் பலர். அட்டவணைப்படி நின்று ஏறினால் நேரம் செல்லும். நேரம் சென்றால் சிப்பி குறையும். சிப்பி குறைந்தால் முதலாளியின் பணப்பெட்டி குறையும். ஆகவே, அட்டவணை அச்சில் இருக்க, தொழிலாளி மண்ணில் கிடந்தான். அறிவை மறைப்பது மூடநம்பிக்கை மட்டுமன்று; இலாபமும் மறைக்கும்.

இந்நிலையில்தான், கடலடி முதன்முறையாக உழைப்பின் களமாக மட்டுமன்றி உவகையின் களமாகவும் மாறத் தொடங்கியது. 1933இல் பிரெஞ்சுக்காரர் லூயி த கொர்லியே காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடிக் கவசத்தோடு மீன்வேட்டையாடுவது தென்பிரான்சுக் கரையில் பொழுதுபோக்காயிற்று. 1943இல் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கானியானும் முதுகில் சுமக்கும் காற்றுக்குடுவையைச் செய்து முடித்தனர். உறிஞ்சும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தரும் வால்வு அதன் உயிர்நாடி. அந்த வால்வு எங்கிருந்து வந்தது? பெட்ரோல் கிட்டாத போர்க்காலத்தில், வாயுவால் ஓடிய மோட்டார் வண்டிகளுக்காகக் கானியான் செய்துவைத்ததிலிருந்து வந்தது! அதே போர்க்காலத்தில் நம் நாட்டிலும் கரிவாயுவால் பேருந்துகள் ஓடின. லாரிக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்து இளைஞர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். வண்டிப் பட்டறையின் வால்வு கடலின் கதவைத் திறந்தது. தேவையை வழிபட்டவன் திறக்கவில்லை. தேவையை ஆராய்ந்தவன் திறந்தான்.

தொடக்க காலத்துக் குடுவைக்காரனின் பழக்கங்கள் இன்று நமக்கு வியப்பளிக்கும். எவ்வளவு காற்று மிச்சமென்று காட்டும் மானி பெரும்பாலோரிடம் இல்லை. மூச்சு இறுகினால் பின்னால் கைவிட்டு ஒரு கம்பியை இழுப்பான், சேமக் காற்று திறக்கும். மிதவைச் சட்டை இல்லை. இடுப்பில் ஈயம் மட்டும் உண்டு. தனியே போவான், ஆழத்தைப் பந்தயமாக்குவான். 1947இல் ஆழச் சாதனைக்காக இறங்கிய மோரிஸ் ஃபார்க், கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த தேர்ந்த வீரர், நைட்ரஜன் தரும் மயக்கத்தில் மாண்டார். 1956இல் உலகெங்கும் ஓடி, கான் விழாவில் தலைப்பரிசு பெற்ற கூஸ்தோவின் 'மௌன உலகம்' படத்திலே, மீன்களைக் கணக்கெடுக்கப் பவளத்திட்டில் வெடி வைக்கின்றனர். சுறாக்களை அடித்துக் கொல்கின்றனர். அன்று அது வீரம்; இன்று பார்ப்போர் முகஞ்சுளிக்கின்றனர்.

அதே 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் இலங்கையில் குடியேறினார். திருக்கோணமலைப் பாறையடியில், போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கடலுள் கிடப்பதை அவரும் மைக் வில்சனும் குடுவையோடு இறங்கிக் கண்டனர். புராணம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் சான்று பேசத் தொடங்கியது. இடித்தவரின் மதவெறிக்கும் அது சான்று. இடிபட்டபோது தன்னைக் காத்துக்கொள்ளக் கல்லுக்கு ஆற்றல் இல்லை என்பதற்கும் அது சான்று.

பிறகு, மரணம் ஒவ்வொன்றும் ஒரு பாடமாயிற்று. பாடம் ஒவ்வொன்றும் ஒரு கருவியாகவோ பழக்கமாகவோ ஆயிற்று. குளிரைத் தாங்கும் நுரை ரப்பர் உடை 1950களின் தொடக்கத்தில் வந்தது. பிரிட்டனில் 1953இல் முக்குளிப்போர் சங்கம், லாசு ஏஞ்சலிசில் அடுத்த சில ஆண்டுகளில் பொதுமக்களுக்கான பயிற்சி, 1959இல் அனைத்துலகக் கூட்டமைப்பு எனப் பயிற்சியும் சான்றிதழும் பரவின. 1960களில் கழுத்தில் மாட்டும் மிதவை. பின்னர் அது சட்டையாக வளர்ந்தது. காற்றுமானி ஒவ்வொருவர் கையிலும் வந்தது. துணையாளுக்குக் காற்றுத் தர இரண்டாம் வாய்க்குழல் வந்தது. 1983இல் ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிடும் மின்னணுக் கணிப்பான் விற்பனைக்கு வந்தது. நிமிடத்துக்கு 18 மீட்டர் ஏறலாம் என்றிருந்த விதி 9 மீட்டராகச் சுருங்கியது. மேலேறுமுன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கமாயிற்று. புதியவனுக்கு எல்லை 18 மீட்டர். தேர்ந்த பொழுதுபோக்காளனுக்கு 40. ஈட்டி போன இடத்தில் படக்கருவி வந்தது. பவளத்தைத் தொடாதே என்பது முதல் ஒழுக்கமாயிற்று. "இது ஆண்பிள்ளை வேலை" என்ற ஆணவத்தையும் கடல் கரைத்தது. 1970இல் சில்வியா எர்ல் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட அறிவியல் குழு கடலடி வீட்டில் இரு கிழமை தங்கி ஆய்வு நடத்தியது.

இந்தப் பழக்கங்களின் உட்பொருள் யாது? இறங்குமுன் இருவர் ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்க்கின்றனர். "நான் இருபதாண்டு அனுபவசாலி, என்னையா சோதிக்கிறாய்?" என்று எவரும் சினப்பதில்லை. ஆசானையும் மாணவன் சோதிக்கிறான், ஆசான் மகிழ்கிறான். மானி சொல்வதை நம்பு. உன் நெஞ்சின் வீறாப்பை நம்பாதே. அட்டவணை தவறெனச் சான்று கிடைத்தால் அட்டவணையைத் திருத்து. எட்டாயிரம் ஆண்டுப் பழமை என்று எவரும் அதற்குப் பட்டுப் போர்த்துவதில்லை. சொன்னவர் யார் எனப் பாராது சொன்னதன் உண்மையைப் பார் என்று மேடையிலே நாம் சொல்வதை, அங்கே நீருக்குள் உயிரைப் பணயம் வைத்துச் செய்துகாட்டுகிறார்கள்.

இனி நம் கடலுக்குத் திரும்புவோம். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் குடுவையோடு இறங்கி, தூத்துக்குடிக்கு எதிரே உள்ள முத்துப் பார்களை நேரில் கண்டு குறித்தனர். 1955 முதல் 1961 வரை முத்துச் சலாபம் நடந்தது, அதன்பின் நடக்கவில்லை. சிப்பி பெருகும் ஆண்டும் பெருகாத ஆண்டும் தெய்வக் குற்றத்தால் வருவன அல்ல என்பதை ஆய்வு காட்டியது. 1973இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த அழகர்சாமி, வேப்பலோடையில் முத்தை வளர்த்தே காட்டினார். கடல்கட்டியின் வேலை தானே ஒழிந்தது. எவரும் அவனை விரட்டவில்லை. அவன் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்!

ஆனால், குளியாள் ஒழியவில்லை. அவன் சங்குக்குப் போனான். கடலட்டைக்குப் போனான், 2001இல் அது தடைசெய்யப்படும்வரை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலுக்கு? வெளிநாட்டு ரப்பர்த் துடுப்பு வாங்கப் பணமேது? அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டான்! அது அவன் அறிவு, அவன் வறுமையும்கூட. பாம்பனையும் இராமேசுவரத்தையும் ஒட்டிய கடலிலே பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரலில் துணி சுற்றி, சேலைமேல் சட்டை போட்டு, மூச்சடக்கி மூழ்குகின்றனர். "பெண் கடலில் கால் வைத்தால் தீட்டு" என்ற கதையை அவர்களின் பசி பொய்யாக்கிவிட்டது. காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியாக மூச்சுவாங்கி இறங்கும் முறையும் சங்குக் கடலுக்கு வந்துவிட்டது. கடலடியில் நெடுநேரம் இருக்கலாம், மிகுதியாக எடுக்கலாம். ஆனால், எத்தனை மீட்டரில் எத்தனை நிமிடம் என்ற கணக்கு அந்தக் குழாயோடு சேர்ந்து வரவில்லை. பொறியின் புகை காற்றோடு கலந்தால் அது நஞ்சு. மடமடவென மேலேறினால் முடக்கம்.

இங்கேதான், தோழர்களே, நம் நெஞ்சு கொதிக்க வேண்டும். அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் புதுச்சேரிக்கும் பொழுதுபோக்கச் செல்பவனுக்கு ஆசான் உண்டு, அட்டவணை உண்டு, மணிக்கட்டில் கணிப்பான் உண்டு. சில நாள் களிப்புக்கு இத்தனை காவல்! அது தவறன்று, மகிழ்ச்சிக்கும் காவல் வேண்டும். ஆனால், வாழ்நாள் முழுதும் அதே நீருக்குள் வயிறு வளர்க்கும் சங்குக்குளியாளுக்கு என்ன உண்டு? காளிக்கோ மாதாவுக்கோ ஒரு மெழுகுவத்தி, ஒரு கற்பூரம்! கீழக்கரை முசுலிமாயின் ஒரு துவா! மூன்று மதமும் அவனுக்கு வேண்டுதலைத் தந்தன; கணக்கைத் தந்தது எது? 1908இல் அச்சான ஹால்டேனின் அட்டவணை, நூறாண்டு கடந்த பின்பும் அவன் குடிசைக்கு வந்து சேரவில்லையெனில், குற்றம் கடலினுடையதா? நம்முடையதா?

மந்திரத்துக்குப் பங்கு கொடுத்த காலத்தில் அவன் உழைப்பு கரைந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆங்கில அரசுக்குப் போன காலத்திலும் கரைந்தது. அவனுக்குத் தமிழிலே எழுதிய அட்டவணை வேண்டும். ஊதியத்தோடு கூடிய பயிற்சி வேண்டும். தூய காற்றுத் தரும் பொறி வேண்டும். முடங்கினால் சேர்க்க, கரைக்கு அருகே அழுத்த அறையோடு மருத்துவமனை வேண்டும். இவற்றைக் கேட்பது கருணை வேண்டுவதன்று, கணக்குத் தீர்ப்பது.

இனி, காளப்பநாயக்கன்பட்டித் தம்பியே, உன் கிணற்றுக்கு வருவோம். உன் பாட்டன் காலத்திலே இடுப்பில் சுரைக்குடுவை கட்டி நீச்சல் பழகினார்கள். பின்னர் லாரி டியூப் வந்தது. இப்போது பிளாசுடிக் கேன். குடத்தை எடுக்கப் பாதாளக்கரண்டி இருந்தது. கருவி மாறியது, பழக்கம் மாறியதா? நீச்சல் எல்லார்க்கும் கிட்டியதா? இல்லையே! நீரைத் தொடவே உரிமையற்றிருந்தவன் நீந்துவது எங்ஙனம்? 1927இல் மகாத் குளத்து நீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்ட வேண்டியிருந்தது. சாதி மறுத்த கிணற்றிலே நீச்சல் கல்லாத பிள்ளை, குட்டையிலே மூழ்கினால், "விதி" என்றனர். "அடக்கம்" என்று சொல்லி வீட்டில் வைத்த பெண், துவைக்கப் போன இடத்தில் வழுக்கி மூழ்கினால், "மோகினி இழுத்தாள்" என்றனர். விதியும் மோகினியும் கொன்றவர் அல்லர். கற்பிக்காத நாம் கொன்றோம்.

ஆகவே, உங்கள் மன்றத்தின் அடுத்த பணி ஒன்று சொல்கிறேன். தேரிழுக்கக் கூடும் ஊரைக் கிணற்றங்கரையில் கூட்டுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கிணற்றில் இறங்கட்டும். பெண்பிள்ளைகள் முதலில் இறங்கட்டும். எவரும் தனியே இறங்கலாகாது. கரையிலே கயிறும் மிதவையும் எப்போதும் கிடக்கட்டும். தூர் வாருமுன் காற்றை அளந்து பார்க்கும் கருவியை ஊராட்சியிடம் கேட்டு வாங்குங்கள். மயங்கி விழுந்தவனைத் தூக்கக் கயிறின்றிப் பாய்வது வீரமன்று, இன்னொரு சாவு என்பதை எடுத்துரையுங்கள். "இந்தக் கிணறு காவு கேட்கும்" என்று கிழவர் ஒருவர் சொன்னால் சண்டையிடாதீர்கள். "ஐயா, எத்தனை அடி ஆழம்? எப்போது தூர் வாரினார்கள்? விழுந்தவர்க்கு நீச்சல் தெரியுமா?" என்று அமைதியாகக் கேளுங்கள். மூன்றாம் கேள்வியிலே காவு காணாமற் போகும்.

கொற்கைக் குற்றவாளியின் காலில் கட்டிய கல் தொடங்கி, முதுகில் சுமந்த காற்றுக்குடுவை வரை, மனிதன் இறங்கிய ஆழமெல்லாம் அவன் அச்சத்தை அளந்த ஆழமே. அளந்த அச்சம் அறிவாகிறது. அளக்காத அச்சம் கடவுளாகிறது. கடல்கட்டி போய்விட்டான், கரையிலே அவன் பதிலாட்கள் இன்னும் நிற்கிறார்கள், மந்திரமும் தெரியாமல், மதிப்பை மட்டும் எதிர்பார்த்து. சுறாவே அவர்களை மதிக்கவில்லை. நாம் ஏன் மதிக்க வேண்டும்?